பல வருஷமா நிற்கும் பழைய புல்லட்... எடுத்ததும் கிக்கரை உதைக்கலாமா?

கரையான்சாவடி, பூந்தமல்லி பக்கம் வீட்டு ஓரத்தில் தூசி படிந்து நிற்கும் பழைய புல்லட்டை இன்றும் பார்க்கலாம். திருவொற்றியூரில் தயாரான இந்த வண்டியை மறுபடியும் ஓட வைக்க முடியுமா? முடியும். ஆனா அவசரப்படக் கூடாது.

ஏன் உடனே உதைக்கக் கூடாது?

சிலிண்டரில் துரு ஏறி பிஸ்டன் ரிங் ஒட்டியிருக்கலாம். ஓங்கி உதைத்தால் ரிங் உடையும், சிலிண்டரில் கீறல் விழும்.

என்ன செய்யணும்?

* ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, உள்ளே கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு நாள் ஊற விடுங்க. பிறகு கிக்கரைக் கையால் மெதுவா அழுத்துங்க. நகரலைன்னா மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.
* பழைய பெட்ரோலை வடித்து, டேங்க், கார்புரேட்டர், பாயின்ட்டைச் சுத்தம் செய்யணும். இன்ஜின், கியர்பாக்ஸ் ஆயிலை மாத்தணும்.
* ஸ்டார்ட் ஆனாலும் பிரேக், டயர், கேபிளைச் சரிபார்க்காமல் ரோட்டில் இறக்காதீங்க.

ஆர்.சி. நிலை என்ன?

பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். 50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 2021 விதிப்படி 'வின்டேஜ்' பதிவு உண்டு. கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனா தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டுமே.

இன்ஜின், சேசிஸில் பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்தப் பதிவும் கிடைக்காது. அதனால் ஒரிஜினல் பாகங்களைக் காயலான் கடையில் போட்டுடாதீங்க!