கிடாவின் எடையும் கிடேரியின் ஈற்றும்

மாட்டிறைச்சி என்ற பெயரில் இந்தியாவிலிருந்து சட்டப்படி கப்பலேறுவது எருமை இறைச்சி மட்டுமே. ஆனால் இறைச்சிக்கென்றே தேர்ந்து உருவாக்கிய எருமை இனம் நம்மிடம் ஒன்றும் இல்லை. முர்ரா, சுர்த்தி, ஜாஃப்ராபாதி எல்லாம் பாலுக்குப் பேர்போனவை. நம் எருமைகளை வைத்தே அந்த வேலையைச் செய்து காட்டியது டிரினிடாட் தீவு. கரும்புத் தோட்டங்களில் வண்டி இழுக்க 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிருந்து போன பல இன எருமைகள் அங்கே கலந்து பெருகின. கால்நடை மருத்துவர் ஸ்டீபன் பென்னட் 1960-களில் அந்த மந்தைகளிலிருந்து சதைப்பிடிப்பும் வளர்த்தியும் உள்ளவற்றைப் பொறுக்கி இனம் சேர்த்தார்; ஊர்ப் பாட்டான கலிப்ஸோவையும் சேர்த்து 'பஃபலிப்ஸோ' என்று பெயரும் வைத்தார்.

கள்ளக்குறிச்சியும் கரும்பு மாவட்டம்தான். வெட்டுக் காலத்தில் எருமைக்குத் தீனியாகும் கொழுந்தாடைக்குப் பஞ்சமில்லை. இங்குள்ள திருநாவலூர் விவசாயியும் இறைச்சிக்காக அப்படி வளர்க்கலாமே என்றால் சட்டம் குறுக்கே நிற்கிறது. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைத் தாண்டி உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாத எருமை, அல்லது தீராத நோயாலோ ஊனத்தாலோ முடங்கிய எருமை என்று சான்று பெற்றால்தான் அறுக்கலாம். இரண்டு வயதில் கொழுத்து நிற்கும் கிடாவுக்கு இங்கே வழியில்லை. அதற்காகப் பேச்சை இதோடு முடித்துவிடக் கூடாது என்பதே என் கட்சி. வேகமாக வளரும் குணத்தால் கிடாவைவிடக் கிடேரிக்குத்தான் ஆதாயம் அதிகம். எருமைக் கிடேரி பருவத்துக்கு வருவதில் வயதைவிட உடல் எடைதான் பெரிய கணக்கு. ஏறத்தாழ 250 கிலோவையாவது தாண்ட வேண்டும். வீட்டுத் தொழுவத்தில் அதற்கே மூன்று வருடம் ஓடிவிடலாம். பிறகு பத்து மாதத்துக்கு மேல் சினை. ஆக, நாலு வருடம் தீனி போட்டபின்தான் முதல் சொட்டுப் பால். இதில் ஆறு மாதம் குறைந்தால்கூட அத்தனையும் கையில் நிற்கும் காசு.

தீனி போட்டால் எதுவும் வளரும், இனத் தேர்வு எதற்கு என்பார்கள். பாதி உண்மை. வளர்ச்சி ஓரளவு பரம்பரையாக வருவதுதான்; ஆனால் அதைக் கண்டுபிடிக்கவே தீனி சமமாக இருக்க வேண்டும். கன்றை ஊட்டவிட்டு, பால் சுரந்ததும் இழுத்துக் கட்டுகிறோம்; கிடாக் கன்றாயிருந்தால் இன்னும் சீக்கிரம் இழுக்கிறோம். இப்படி வளர்ந்த இரண்டு கன்றுகளைத் தராசில் ஏற்றினால் தெரிவது பரம்பரை அல்ல, எந்த வீட்டில் கன்றுக்கு எத்தனை காம்பு விட்டார்கள் என்பதுதான். எனவே தேர்வு நடக்க வேண்டிய இடம் எல்லாக் கன்றுக்கும் ஒரே தீனி கிடைக்கும் பண்ணை.

எடையைத் தேடிப் போய்ப் பாலைக் கோட்டைவிடுவோம் என்ற பயமும் உண்டு. பொலிகிடாவின் பால் குணம் அதன் மகள்கள் ஈன்று கறந்தபிறகே உறுதிப்படும். எடையோ ஒரு வயதில் அதன் உடம்பிலேயே தெரிந்துவிடும். தாயின் கறவைக் கணக்கைப் பார்த்து எடுத்த கிடாக்களுக்குள் மட்டும் எடையை இரண்டாவது சல்லடையாக வைத்தால் அந்தப் பயத்துக்கு இடம் குறைவு. பிறக்கும்போதே பெருத்த கன்றைத் தேடினால் ஈற்றுச் சிக்கல் வரும்; பார்க்க வேண்டியது ஓராண்டு எடை. சினை ஊசி போடும்போது விவசாயியிடம் கிடாவின் தாய் கறந்த பால் கணக்கோடு இந்த எடையையும் சேர்த்துச் சொல்லட்டும்.