அரால்டைட்டுக்குள் ஒரு போல்ட்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் போல்ட் செய்யும் பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேலே ஏற்றிய துத்தநாக முலாம் 8 மைக்ரானாவது இருக்கிறதா என்று வாங்குபவர் கேட்கிறார். தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அது. போல்ட்டைக் குறுக்கே அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம்தான். ஆனால் வெறும் துண்டை அப்படியே எமரி தாளில் தேய்த்தால் விளிம்பு மழுங்கும். அளக்க வேண்டிய முலாமே போய்விடும். அதனால் லேபில் துண்டைச் சிறு அச்சில் முகம் கீழாக வைத்து, எபாக்சி ரெசினையும் ஹார்டனரையும் கலந்து ஊற்றுகிறார்கள். மறுநாள் அது கெட்டியான வில்லையாகியிருக்கும். பிறகு எமரி தாள், வைரப் பசை என்று எவ்வளவு தேய்த்தாலும் விளிம்புக்குத் துணை இருக்கிறது.

வீட்டில் உடைந்த பீங்கானை ஒட்டும் அரால்டைட்டின் இரண்டு குழாய்களும் இதே குடும்பம்தான். பெயின்ட்டில் கரைப்பான் ஆவியாகிக் காய்கிறது. எபாக்சியில் ஆவியாக எதுவும் இல்லை. ரெசின் மூலக்கூறின் இரு முனைகளிலும் இரண்டு கார்பனும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்த முக்கோண வளையம் இருக்கிறது. விறைப்பாக வளைந்து நிற்கும் அந்த வளையத்தை ஹார்டனரின் நைட்ரஜன் திறந்து பற்றிக்கொள்கிறது. டிரையெத்திலீன் டெட்ராமைன் என்ற ஹார்டனரின் ஒரு மூலக்கூறு ஆறு முனைகளைப் பிடிக்கும். இப்படிப் பின்னிப் பின்னியே திரவம் திடமாகிறது. ஹார்டனரும் அந்தப் பின்னலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

அதனால்தான் அளவு பிசகக் கூடாது. சாதாரண திரவ எபாக்சி 100 கிராமுக்கு இந்த ஹார்டனர் சுமார் 13 கிராம். குறைந்தால் வளையங்கள் திறக்காமல் கிடக்கும்; சீக்கிரம் இறுகட்டும் என்று கூட்டி ஊற்றினால் பிடிக்க முனையில்லாத ஹார்டனர் மிஞ்சி, வில்லை பலம் இழக்கும். வினையே சூட்டைக் கிளப்புவதால், நிறையக் கலந்து ஒரே கோப்பையில் விட்டால் கொதித்துப் புகையும். சென்னையின் மே மாத வெயிலில் கலவை இன்னும் சீக்கிரம் இறுகும். மழைக்காலத்து ஈரக்காற்றோ ஹார்டனரின் அமீனோடு சேர்ந்து, மேற்பரப்பில் பிசுபிசுப்பான வெண்படலம் போடும்.

உலோகத்துக்கு மட்டுமல்ல, உயிர்த்திசுவுக்கும் எபாக்சி உதவுகிறது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்குத் திசுவை 100 நானோமீட்டருக்கும் மெல்லிதாகச் சீவ வேண்டும். அதற்காகத் திசுவைப் பதித்துக் கட்டியாக்க அரால்டைட் உதவும் என்று ஆட்ரி கிளாவர்ட்டும் அவருடைய சகாக்களும் 1956-இல் காட்டினார்கள். 1961-இல் எபான் என்ற இன்னொரு எபாக்சி ரெசினைக் கொண்டு ஜான் லஃப்ட் விவரித்த முறையில் இரண்டு அன்ஹைட்ரைடு ஹார்டனர்கள் உண்டு. 12 கார்பன் நீள வால் கொண்ட டி.டி.எஸ்.ஏ. கட்டியை மென்மையாக்கும், கச்சிதமான எம்.என்.ஏ. கடினமாக்கும். இரண்டின் விகிதத்தை மாற்றினால் கட்டியின் கடினம் மாறும். இந்தக் கலவை அறைச்சூட்டில் இறுகாது; 60 டிகிரி அடுப்பில் ஒன்றிரண்டு நாள் கிடக்க வேண்டும். ஈரம் பட்டால் இந்த ஹார்டனர்கள் அமிலமாகிக் கெடும் என்பதால் புட்டியை இறுக மூடி வைக்கிறார்கள்.

இரண்டு இடத்திலும் தேவை ஒன்றுதான்: உள்ளே இருப்பதும் சுற்றி இருப்பதும் ஒரே வேகத்தில் தேய வேண்டும், ஒரே மாதிரி அறுபட வேண்டும். மென்மையான திசுவுக்கு டி.டி.எஸ்.ஏ.வைக் கூட்டுவது அதற்காகத்தான். கெட்டி எஃகுக்கு எபாக்சி மட்டும் ஈடுகொடுக்காது என்றால் அதில் அலுமினாத் தூளைக் கலக்கிறார்கள்.