பனிமலைக்கும் உண்டு எச்சரிக்கைக் கூண்டு

புதுச்சேரித் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டால், அந்த எண்ணின் பொருள் சாரத்துப் பள்ளிச் சிறுவனுக்கும் ஓரளவு தெரியும். எங்கள் தெருவிலிருந்து வரும் ஜனவரியில் உத்தரகண்டின் கேதார்கந்தா மலைக்குச் செல்லவிருக்கும் மூன்று இளைஞர்களிடம் பனிச்சரிவு எச்சரிக்கை குறித்துக் கேட்டேன். காலணி, கம்பளி உள்ளாடை, கையுறை எனப் பயண ஏற்பாட்டாளர் அனுப்பிய நீண்ட பட்டியலைக் காட்டினார்கள். பனிச்சரிவு என்ற சொல்லே அதில் இல்லை.

அவர்களைக் குறை கூற மனம் வரவில்லை. மார்கழியில் புல் நுனியில் நிற்பதற்கும் இமயத்தில் ஆளுயரம் படிவதற்கும் நாம் 'பனி' என்ற ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். மென்மை என்னும் எண்ணமும் அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. 2016 பிப்ரவரி 3-இல் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-ஆவது பட்டாலியனைச் சேர்ந்த 10 வீரர்களைப் புதைத்தது பனிதான். அவர்களில் நால்வர் வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டத்தினர். ஆறு நாள்களுக்குப் பின் உயிருடன் மீட்கப்பட்ட கர்நாடகத்தின் ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11-இல் இறந்தார்.

மலைச்சரிவில் படியும் பனி ஒரே திரள் அன்று. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. குளிர்காலத் தொடக்கத்தில் பனி மெல்லியதாக இருக்கும்போது, அதன் அடிப்பகுதி தரையின் வெப்பத்தால் சற்றே இளகிய குளிரிலும், மேற்பகுதி கடுங்குளிரிலும் இருக்கும். இந்த வேறுபாட்டால் நீராவி மேலே நகர்ந்து, அடியிலுள்ள துகள்கள் ஒட்டும் தன்மையை இழந்து சீனி போல் உதிரியாகின்றன. பிறகு பொழியும் பனியைக் காற்று அழுத்திப் பாளமாக்குகிறது. ரவையைப் பரப்பி, அதன் மேல் கடப்பைக் கல்லைச் சாய்த்து வைத்ததைப் போன்ற நிலை இது. அதன் மீது ஒரு மனிதர் நடந்தாலே போதும். அடியிலுள்ள அடுக்கு நொறுங்கி, விரிசல் நொடியில் பரவி, பாளம் முழுவதும் பெயர்கிறது. விபத்துகளில் பெரும்பாலானவற்றைத் தூண்டுவது சிக்கியவரோ அவருடன் சென்றவரோதான்.

பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையிலான சரிவுகளே ஆபத்தானவை. அவற்றின் அடிவாரச் சமவெளியில் கூடாரமிட்டவரும் தப்புவதில்லை. பெரும் பொழிவுக்குப் பிந்தைய ஓரிரு நாள்கள், காற்று பனியைக் கொண்டுவந்து குவிக்கும் மறுபக்கச் சரிவு, வெயில் ஏறிய பிற்பகல் ஆகியவை அஞ்சத்தக்கவை. காலடியில் 'வும்' என்று பனி அமுங்கும் ஓசை கேட்டாலோ, விரிசல் ஓடினாலோ வந்த வழியே திரும்ப வேண்டும்.

அனுபவம் காக்கும் என்று நம்புவோர் 2022 அக்டோபர் 4-ஐ நினைக்க வேண்டும். உத்தரகாசியின் நேரு மலையேற்ற நிறுவனக் குழுவினர் திரௌபதி கா தண்டா சிகரத்தில் சிக்கி, 27 பேர் இறந்தனர், இருவர் கிடைக்கவேயில்லை. அவ்வாண்டு மே மாதத்தில்தான் எவரெஸ்ட் ஏறியிருந்த பயிற்றுநர் சவிதா கன்ஸ்வாலும் மாண்டவர்களில் ஒருவர்.

புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலும் பிழைக்கிறார். அரை மணி நேரம் கடந்தால் மூச்சுத்திணறலே பலரைக் கொன்றுவிடுகிறது. எனவே மீட்புப் படைக்காகக் காத்திருக்க நேரமில்லை. காப்பாற்றக்கூடியவர் உடன் வந்தவரே. அவரிடம் சமிக்ஞைக் கருவி, துழாவும் நீள்கோல், மண்வாரி மூன்றும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் மற்றவற்றால் பயன் சிறிதே.

நம் நாட்டிலும் கூண்டு ஏற்றுவோர் உண்டு. சண்டீகரிலுள்ள பாதுகாப்புப் புவித்தகவல் ஆராய்ச்சி நிறுவனம் குளிர்காலத்தில் பனிச்சரிவு அறிக்கை வெளியிடுகிறது. எச்சரிக்கை ஐந்து நிலைகளைக் கொண்டது. மூன்று என்றால் நடுத்தரம்தானே என்று எண்ணிவிடக் கூடாது. சுவிட்சர்லாந்தில் மிகுதியான உயிரிழப்புகள் மூன்றாம் நிலை அறிவித்த நாள்களில்தான் நேர்கின்றன; நான்கில் மக்கள் தாமே வெளியே போவதில்லை.

அந்த இளைஞர்கள் ஏற்பாட்டாளருக்கு மூன்று கேள்விகளை அனுப்பியிருக்கிறார்கள்: தினமும் அறிக்கையைப் பார்ப்பது யார்? மீட்புக் கருவிகள் எத்தனை? திரும்பிவிட முடிவெடுத்தால் பணம் என்னவாகும்? மூன்றாவது கேள்விக்கு மட்டும் உடனே பதில் வந்தது.