சூம்பின கையும் புடைத்த புயமும்



இரண்டு மாதங்களுக்கு முன் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு ஒரு வாலிபன் வந்தான். வயது இருபத்திரண்டு. சட்டைக் கை கிழியும்படி புயங்கள் புடைத்திருந்தன. ஆனால் கண்களோ மஞ்சளித்திருந்தன. உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ கொடுத்த ஊசியையும் மாத்திரையையும் ஆறு மாதமாக உபயோகித்ததாக வெகுநேரம் கழித்தே சொன்னான். அதே வராந்தாவின் மறுகோடியில், தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போன ஒரு கூலித் தொழிலாளி, மாவுக்கட்டு பிரித்த கையால் சோற்றை எடுக்கப் பழகிக்கொண்டிருந்தார். இருவரையும் இங்கே கொண்டுவந்தது தசைதான்.

தசை வளர்ப்பது உலகத்தாரின் காரியம் என்று நம் சபைகளில் பலர் எண்ணுவதுண்டு. சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் சார்லஸ் கிங்ஸ்லி என்ற போதகரும் அவர் நண்பர் தாமஸ் ஹியூஸும் விளையாட்டையும் சரீர பலத்தையும் விசுவாசத்தோடு சேர்த்து எழுதினார்கள். 1857இல் அதற்குத் 'தசைபலக் கிறிஸ்தவம்' என்று கேலியாகப் பேர் வைத்தார்கள், பேர் நிலைத்துவிட்டது. 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் இறையியல் படித்தவர். அங்கிருந்து வந்த ஹாரி பக், 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நமக்குப் பள்ளியில் டிரில் சொல்லிக்கொடுத்த வாத்தியார்களில் அங்கே படித்தவர்கள் அநேகர். ஆனாலும் பலமான சரீரமே நல்ல குணத்துக்கு அடையாளம் என்ற எண்ணமும் அந்தப் பழைய இயக்கத்தில் கலந்திருந்தது. நோயாளிகளின் நடுவே ஊழியம் செய்யும் எங்களால் அதை ஒத்துக்கொள்ள முடியவில்லை.

இப்போது திரைப்படச் சுவரொட்டியும் கைப்பேசியும் அதே எண்ணத்தை வாலிபருக்கு வேறு விதமாய்ப் போதிக்கின்றன. தசை வேலையினால் வளருவது. பாரம் இழுக்கும்போது தசையிழைகள் சிரமப்பட்டு, சாப்பாட்டிலுள்ள புரதத்தாலும் தூக்கத்தாலும் தடிக்கின்றன. மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்களுக்குத்தான் ஊசி. ஆண்களுக்குரிய ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோனை 1935இல் ஆய்வுக்கூடத்தில் தயாரித்தார்கள். அதன் வழிவந்த ஸ்டீராய்டுகள் உடல் மெலிந்த நோயாளிகளுக்கு உதவின. பிறகு பளுதூக்குவோர் கைக்குப் போயின. 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் பென் ஜான்சன் நூறு மீட்டரை 9.79 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். மூன்றாம் நாளே அது பறிக்கப்பட்டது.

வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால், உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்திவிடுகிறது. விந்தணு குறைகிறது. இருதயத்தின் சுவர் தடிக்கிறது. இருதயமும் தசைதானே! வாயால் விழுங்கும் மாத்திரைகள் ஈரலைக் கெடுக்கின்றன. அந்த வாலிபனின் மஞ்சள் கண்களுக்கு அதுவே காரணம்.

மறுகோடியில் இருந்தவரின் கதை வேறு. தொழுநோய்க் கிருமி முழங்கையருகே ஓடும் நரம்பைத் தாக்கும்போது, உள்ளங்கையிலுள்ள சிறிய தசைகள் செயலிழந்து சூம்புகின்றன. விரல்கள் நகம்போல் வளைகின்றன. வேதத்தில் 'சூம்பின கை' என்று வாசிக்கும்போதெல்லாம் இந்தக் கைகளே எங்கள் கண்முன் நிற்கும். 1914இல் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்த டாக்டர் பால் பிராண்ட், 1940களின் பிற்பகுதியில் வேலூரில் இதற்கு அறுவைச் சிகிச்சையைத் தொடங்கினார். நோய் தொடாத ஒரு தசையின் நாணை நான்கு இழைகளாக்கி, நான்கு விரல்களோடும் இணைப்பதுண்டு. சுமார் மூன்று வாரம் மாவுக்கட்டு. அதன்பின்தான் உண்மையான பாடு: வேறு வேலை செய்துவந்த தசைக்குப் புதிய வேலையை மூளை கற்றுக்கொடுக்க வேண்டும். எங்கள் பிசியோதெரபிச் சகோதரி தினமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, 'ஐயா, இன்னும் ஒரு தடவை' என்று சொல்லிக்கொண்டிருப்பார். உங்கள் காணிக்கையில் ஒரு பகுதி இந்தப் பிரிவுக்கே செலவாகிறது.

அவர் இப்போது வீடு திரும்பிவிட்டார். போகும் நாளில் சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுக்கொண்டார். நான்காவது பொத்தானுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நாங்கள் யாரும் உதவிக்குப் போகவில்லை. வாலிபனுக்குக் கண்கள் தெளிந்துவிட்டன. ஆனால், 'புயம் இளைச்சிட்டே வருது ஐயா' என்று அழுகிறான். மறுபடியும் ஊசிக்குப் போய்விடுவானோ என்ற பயம் எங்களுக்கு இருக்கிறது. சனிக்கிழமைதோறும் எங்களோடு பேச வருகிறான். அவனுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.