உங்களுக்குத் தெரியுமா? மணல்மேட்டுக்கு நடுவே களிமண்

குடுபல்லி ரயில் நிலையத்தில் இறங்கி எந்தப் பக்கம் நடந்தாலும் செருப்பில் ஒட்டுவது செம்மண்தான். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூரு போகிற தடத்தில் குப்பத்துக்கு அடுத்த நிலையம் இது; சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்குக் கோடி. கடல்மட்டத்துக்கு மேல் 600 மீட்டரைத் தாண்டிய உயரம். மணல்மேடு இங்கே கிடையாது. ஆனாலும் இந்த இதழின் துணுக்குகளை இங்கிருந்து தொடங்கக் காரணம் உண்டு. மேட்டில் சரளை, சரிவில் செம்மண், தாழ்வில் களி என்ற அடுக்கு இங்கே வெறுங்கண்ணுக்கே தெரியும். மண்ணின் நுண்துகளை மழை கரைத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் படியவிடுகிறது. இந்தப் பக்கத்து ஏரிகளில் தண்ணீர் நிற்பது அந்தக் களியின் தயவால்தான்.

இதே கணக்கு மணல்மேட்டிலும் செல்லும். புல் மூடிய மணற்குன்றுகளுக்கு நடுவே, தண்ணீர் வடிய வழியில்லாத களிமண் பள்ளங்கள் உலகத்தில் பல இடங்களில் உண்டு. நம் கைக்கெட்டும் தூரத்திலும் உண்டு.

● மணல் துகளின் பெரும அளவு 2 மில்லிமீட்டர். களித் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் கீழே. ஆயிரத்தில் ஒரு பங்கு! மணல் தரை மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் மழையைக் குடிக்கும். களிமண் 1 முதல் 5 மில்லிமீட்டர்தான். ஒரு நாள் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் மணல் இரண்டு மணி நேரத்துக்குள் அதை விழுங்கிவிடும். களிக்குப் பத்து மணி நேரமும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம்.

● உங்கள் மண் எது என்று பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசையுங்கள். உருண்டையே பிடிக்கவில்லையா, மணல். உருண்டை பிடித்து, திரித்தால் உடைகிறதா, கலப்பு மண். பென்சில் கனத்துக்குத் திரித்து, வளைத்து, விரிசல் விடாமல் மோதிரமாகச் சேர்க்க முடிகிறதா, நல்ல களி. பிள்ளைகளிடம் கொடுத்தால் இந்தச் சோதனையை மாலை வரைக்கும் செய்வார்கள்.

● ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா இப்போது திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. 2022 ஏப்ரல் 4 வரை அது நெல்லூர் மாவட்டம். வங்கக் கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் நடுவே கிடக்கும் இந்தத் தீவு முழுக்க மணல்தான். மணல் வரப்புகள் நீள நீளமாக ஓட, அவற்றின் நடுவே தாழ்ந்த பகுதிகள். 1971 அக்டோபர் 9 அன்று ரோகிணி ஆய்வு ராக்கெட் கிளம்பியதிலிருந்து இந்த இடம் உலகத்துக்குத் தெரியும். அதற்கு முன்பே யானாதி மக்களுக்கு இது காடும் கிழங்கும் மீனும் தரும் ஊர். சூலூர்ப்பேட்டையிலிருந்து தீவுக்குப் போகும் சாலை ஏரியின் குறுக்கே போடப்பட்டது. மழைக்காலத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர். கோடையில் அதே இடம் வெடித்த சேற்றுப் பாளம். ஒரே சாலை, இரண்டு நிலக்காட்சி.

● சரி, நம் தமிழ்நாட்டில்? தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் தேரிக்காடுதான் இதற்குச் சரியான பதில். திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் செக்கச்செவேலென்று மணற்குன்றுகள். பனையும் உடைமரமும் முந்திரியும் நிற்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் பாயும் மேலைக்காற்று இந்த மணலை ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். வேலி போட்டவர் அடுத்த ஆண்டு வேலியைத் தேட வேண்டியதுதான்.

அந்தக் குன்றுகளுக்கு இடையிலும் ஓரத்திலும் இருக்கும் அகலமான, ஆழமில்லாத தாழ்வுகளுக்கு அந்தப் பக்கத்து மக்கள் சொல்லும் பெயர் தருவை. சாத்தான்குளம் வட்டத்தின் புத்தன்தருவை, வைரவம் தருவை இரண்டும் பெயர் பெற்றவை. ஐப்பசி, கார்த்திகை மழை தேரியில் விழுந்ததும் காணாமல் போகும். ஓடையாக ஓடாது, தேங்காது. மணலுக்குள் இறங்கி, மெல்லக் கசிந்து, தாழ்வுக்கு வந்து சேரும். மழை நின்று வெகுநாள் கழித்தும் தருவைக்கு நீர் ஊறுவது இதனால்தான். நல்ல மழை ஆண்டில் தருவை கடல் போல விரியும்; பங்குனி, சித்திரையில் அதே தரையில் ஆடு மேயும். தேரி என்றாலே பாலைவனம் என்று எழுதுகிற பயணக் கட்டுரைக்காரர்கள் கார்த்திகையில் ஒருமுறை அங்கே போய் வரலாம்.

● மேலப்புதுக்குடியில், தேரி மணலுக்கு நடுவே ஒரு சுனை. அதன் கரையில் இருப்பவர் அருஞ்சுனை காத்த அய்யனார். பங்குனி உத்திரத்துக்குக் கூட்டம் தாங்காது. தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலிலோ கார்த்திகையில் ‘கள்ளர் வெட்டு’. அது முடிந்ததும் பக்தர்கள் தேரி மணலை அள்ளி முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். ஒரு ஊரில் தண்ணீருக்குக் காவல், இன்னொரு ஊரில் மணலே பிரசாதம்.

● தேரியில் முதலில் குடியேறியவர்கள் யார் என்று கேட்டால் தொல்லியலாளர்கள் சின்னச் சின்னக் கல் கருவிகளைக் காட்டுவார்கள். சாயர்புரம் பக்கத்தில் இவற்றை ராபர்ட் புரூஸ் ஃபூட் 19ஆம் நூற்றாண்டிலேயே பார்த்துவிட்டார். 1956இல் சாய்னரும் ஆல்ச்சினும் ‘ஏன்ஷியன்ட் இந்தியா’ இதழில் விரிவாக எழுதினார்கள். நகத்தளவு கற்சில்லுகள். பிறை வடிவம், முக்கோண வடிவம் எல்லாம் உண்டு. கருவியோடு வந்தவன் தண்ணீர் இல்லாத இடத்திலா தங்கியிருப்பான்?

● ஒரே இரும்பு, இரண்டு நிறம். தேரி மணல் சிவப்பாக இருப்பது ஒவ்வொரு மணல்துகளின் மேலும் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதால். காற்றுப் பட்ட இரும்பு சிவக்கிறது, துருப்பிடித்த ஆணியைப் போல. தண்ணீர் தேங்கும் களிமண்ணிலோ கதை தலைகீழ். அங்கே காற்று புகாது. இருக்கிற ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிட்டு, அடுத்து இரும்பில் கைவைக்கும். சிவப்பு கரைந்து மண் சாம்பல் கலந்த நீலமாகிவிடும்.

நம்பிக்கை இல்லையென்றால் ஏரியோ குளமோ வற்றுகிற சமயத்தில் ஒரு முழம் தோண்டிப் பாருங்கள். மேலே பழுப்பு, கீழே நீலச் சாம்பல், மூக்கில் லேசான முட்டை நாற்றம். அந்த நீல மண்ணில் ஒரு கட்டியை எடுத்து வெயிலில் வையுங்கள். சில மணி நேரத்தில் மேல்புறம் பழுப்பேறத் தொடங்கும். இன்னும் உற்றுப் பார்த்தால் பழைய கோரை வேர் ஓடிய தடமெல்லாம் செந்நிறக் கோடாகத் தெரியும். வேர் வழியாக இறங்கிய காற்று, தான் போன வழியெல்லாம் துருப்பிடிக்க வைத்த அடையாளம் அது. மண்வகை ஆய்வாளர்கள் வெயில் காலத்தில் ஒரு நிலத்தைப் பார்த்தே ‘இங்கே மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும்’ என்று சொல்வது இந்தக் கோடுகளை வைத்துத்தான். மனை வாங்குகிறவர்களும் கற்றுக்கொள்ளலாம்!

● செந்நிற மணற்குன்று எர்ர மட்டி திப்பலு என்ற பெயரில் விசாகப்பட்டினம் பக்கத்திலும் உண்டு. 2025இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்தியா சேர்த்த இயற்கை இடங்களில் அதுவும் ஒன்று, திருமலை மலைத்தொடரும் ஒன்று. தேரிக்கு இன்னும் அந்த யோகம் வரவில்லை.

● கடலோர மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் வருவது எப்படி? உப்புநீரை விட நன்னீர் இலேசு; அதனால் மணலுக்குள் கடல்நீரின் மேல் அது மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் முடிவில் ஹாலந்துக்காரர் கைபெனும், பிறகு ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க்கும் கண்டு சொன்ன கணக்கு. இதையே திருப்பிப் படியுங்கள்: மோட்டார் போட்டு மேலே 1 மீட்டர் இறக்கினால், காலப்போக்கில் கீழிருந்து உப்புநீர் 40 மீட்டர் ஏறும்.

● ராஜஸ்தானில் இதைவிட நுட்பம். ஜெய்சல்மேர், பார்மேர், சூரு பக்கம் ஆழ்நிலத்தடி நீர் உப்பு. ஆனால் சில இடங்களில் மணலுக்குக் கீழே தண்ணீர் இறங்காத ஜிப்சம் படுகை ஒன்று ஓடுகிறது. பெய்த கொஞ்ச மழை உப்புநீரில் போய்க் கலக்காமல் அந்தப் படுகை தடுத்துவிடும். தண்ணீர் மணலின் ஈரமாகவே தங்கிவிடும். ஓர் ஆள் உட்கார்ந்து தோண்டும் அகலத்துக்கு மட்டும் குழி இறக்கி, அந்த ஈரம் சொட்டுச் சொட்டாக ஊறுவதைச் சேர்க்கிறார்கள். குயீன் என்று பெயர். ஒரு நாளைக்குச் சில குடம் தேறும். வாய் அகலமானால் தண்ணீர் பரவி ஆவியாகிவிடும் என்பதால்தான் அந்தக் குறுகல். அனுபம் மிஸ்ரா இதைப் பற்றி எழுதியது இந்திப் பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. நம் பாடநூலில் ஊற்றுக்குழிக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் என்ன?

● வெடித்த களிமண் வீண் என்று நினைக்கிறோம். அமெரிக்காவின் டெக்சஸ் சமவெளியில் ‘ராண்டால் களி’ படிந்த வட்டப் பள்ளங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. கோடையில் அவை ஆழமாக வெடிக்கும். முதல் மழை அந்த வெடிப்பு வழியாக நேரே கீழே இறங்கி நிலத்தடி நீரில் சேரும். பிறகு களி ஊதி, வெடிப்பு மூடி, பள்ளம் குளமாகும். கீழே கொஞ்சம், மேலே கொஞ்சம் என்று பங்கு பிரித்துக் கொடுக்கிற மண்!

● அதே நாட்டின் நெப்ராஸ்கா மாநிலத்தில் சுமார் 50,000 சதுர கிலோமீட்டருக்குப் புல் போர்த்திய மணற்குன்றுகள். தாழ்வுகளில் ஏரிகளும் ஈரப் புல்வெளிகளும். மேற்குப் பக்கத்து ஏரிகள் சில, வடிய வழியில்லாமல் காரம் ஏறியவை. முதல் உலகப் போரில் ஜெர்மனியின் பொட்டாஷ் வரத்து நின்றபோது, உரத்துக்காக இந்தக் காரத் தண்ணீரைக் காய்ச்சத் தொடங்கினார்கள். ஆன்டியாக் என்ற குக்கிராமம் ஐந்து ஆலைகளோடு நகரமானது. போர் முடிந்தது, ஜெர்மன் பொட்டாஷ் திரும்ப வந்தது, 1921க்குள் எல்லாம் மூடப்பட்டது. இடிந்த சுவர்கள் இன்னும் நிற்கின்றன.

● கோடியக்கரையில் மணல்மேட்டில் உலர் பசுமைக்காடு, சமதரையில் புல்வெளி, அதைத் தாண்டினால் சேற்றுப்பரப்பு. 1967 முதல் சரணாலயம். வெளிமானுக்குப் புல்லும் வேண்டும், குடிக்க நன்னீர்ப் பள்ளமும் வேண்டும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடைப்பதால்தான் அது அங்கே நிலைத்திருக்கிறது. சீமைக் கருவேலம் புல்வெளியை ஆக்கிரமிப்பதுதான் இப்போதைய தலைவலி.

● நாலு மாதம் தண்ணீர், எட்டு மாதம் காய்ச்சல் என்றால் அங்கே எது பிழைக்கும்? விரால் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். ஆப்பிள் நத்தை ஓட்டை மூடிக்கொண்டு மண்ணுக்குள் உறங்கும். ஸ்ட்ரெப்டோசெபாலஸ் என்ற சிறிய இறாலினம் வேறு வழி வைத்திருக்கிறது: தாய் செத்துப்போகும், முட்டை காய்ந்த களியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும், மழை வந்தால் பொரிக்கும். மல்லாந்து நீந்தும் பிராணி அது. மீன் நிரந்தரமாக வாழும் குளத்தில் அதற்கு ஒரு நாள்கூட உயிர்ப் பிச்சை கிடைக்காது. வற்றுகிற பள்ளம்தான் அதற்குப் பாதுகாப்பு.

● சென்னையும் இந்தக் கதைக்குள் வரும். திருவான்மியூர், பெசன்ட் நகர் கடலோர மணல் வரப்பின் மேல் நிற்கின்றன. மழை உள்ளே இறங்கும், கிணற்றில் நல்ல தண்ணீர். வரப்புக்கு மேற்கே தாழ்வு, களி, பள்ளிக்கரணை. ஒருகாலத்தில் சுமார் 50 சதுர கிலோமீட்டருக்கு விரிந்த சதுப்பு, இப்போது கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வேளச்சேரியில் ஒவ்வொரு மழைக்கும் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்துகிறவர்கள் திட்டுவது மாநகராட்சியை. மண் தன் வேலையைத்தான் செய்கிறது.

● மணல் நிலத்தில் தண்ணீர் நிற்கவில்லையா? களிமண் கலந்து, மழை பெய்த மறுநாள் 400 கிலோ கல் உருளையை 8 முதல் 10 முறை ஓட்டி இறுக்கலாம் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. மண்ணுக்கடியில் ஒரு செயற்கைத் தட்டு! குடுபல்லிப் பக்கமானாலும் தேரிப் பக்கமானாலும் கோடையில் ஏரி வண்டலை வண்டியில் ஏற்றிக் கொல்லையில் கொட்டுவதும் இதே ஞானம்தான்.

● தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புக் கால்வாய் 2009இல் தொடங்கிய திட்டம். கன்னடியன் அணைக்கட்டிலிருந்து 75 கிலோமீட்டர் ஓடி அது முடிகிற இடம் எது தெரியுமா? திசையன்விளை பக்கம் எம்.எல். தேரி. ஆற்றின் வெள்ளத்தைக் கொண்டுபோய் மணற்காட்டில் விடுவதா என்று சிரித்தவர்கள் உண்டு. அந்த மணலுக்குள் இறங்கும் தண்ணீர் எங்கே போகும் என்பதை மேலே நான்காவது துணுக்குக்குள் தருவையைப் பற்றிப் படித்தவர்கள் சொல்லிவிடுவார்கள்.

● வருவாய்ப் பதிவேட்டில் இப்படிப்பட்ட பள்ளங்கள் பெரும்பாலும் வெறும் புறம்போக்கு. லாரி மண் கொட்டி மேடாக்க இரண்டு வாரம் போதும். உங்கள் ஊரில் மணல்மேட்டுக்கோ செம்மண் மேட்டுக்கோ நடுவே இப்படி ஒரு தாழ்வு இருந்தால் அதன் பெயர், இந்த ஐப்பசி மழைக்குப் பிறகு எத்தனை நாள் தண்ணீர் நின்றது, வந்து இறங்கிய பறவை என்ன என்று ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். லாரி வருவதற்கு முன்னால் அனுப்புங்கள்.