முதலில் யார் இறங்குவது?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (உதைப்பதைவிடக் கையால் வீசுவதே அதிகம்!) ஆட்டத்தை நடத்துபவர் குவாட்டர்பேக். அந்த இடத்துக்கு யார் என்று ரசிகர்கள் ஓயாமல் மல்லுக்கட்டுவார்கள். 2018 ஜனவரி தேசிய இறுதிப் போட்டியில், ஜார்ஜியாவிடம் 13-0 எனப் பின்தங்கிய அலபாமா, இடைவேளைக்குப் பின் ஜேலன் ஹர்ட்ஸை உட்காரவைத்து முதலாண்டு மாணவர் டுவா டாகோவைலோவாவை இறக்கியது. கூடுதல் நேரத்தில் 26-23 என வென்றது. டுவாவை முன்பே இறக்கியிருக்கலாமே என்பது அவசரத் தீர்ப்பு. அணியை இறுதிவரை கொண்டுவந்ததே ஹர்ட்ஸ்தான். அதே ஆண்டு டிசம்பரில் டுவா காயமடைய, அதே ஜார்ஜியாவுக்கு எதிராகக் களமிறங்கிய ஹர்ட்ஸ் 35-28 என வெற்றி தேடித்தந்தார். இருவரை வைத்திருந்தால் ஒருவர் மனம் தளர்ந்து அணியை விட்டுப் போவார் என்பார்கள். உண்மைதான், ஹர்ட்ஸ் அடுத்த பருவத்தில் ஓக்லஹோமாவுக்கு மாறினார். ஆனால் அதற்குள் அந்த இரு ஆட்டங்களின் கோப்பைகளையும் அலபாமா வாங்கிவிட்டது.