சாங்கி மருத்துவரும் ஓர் உப்பும்

ஜூரோங் தீவில் பகல் வெயிலில் வேலை பார்ப்பவருக்கு வியர்வை புதிதல்ல. அவர் லித்தியம் மாத்திரை எடுப்பவராக இருந்தால் மட்டும், அந்த வியர்வைக்கும் கணக்கு வைக்க வேண்டும்.

மருந்தாகத் தரப்படும் லித்தியம் ஓர் உப்பு. தூக்கமே வேண்டாத கொந்தளிப்பும், படுக்கையை விட்டு எழ முடியாத சோர்வும் மாறிமாறி வரும் இருமுனை மனநோய்க்கு இன்றும் முதல்வரிசை மருந்து. சிங்கப்பூரில் 63 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்நோய் வருவதாக 2016ஆம் ஆண்டு மனநல ஆய்வு சொன்னது.

இந்த மருந்தைக் கண்டறிந்த ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது பிடிபட்டு மூன்றரை ஆண்டு சாங்கியில் போர்க்கைதியாகக் கிடந்தவர். மனநோய்க்கு உடலிலேயே காரணம் இருக்கும் என்ற எண்ணத்தோடு ஊர் திரும்பினார். மெல்பர்ன் அருகே கினிப் பன்றிகளுக்கு லித்தியம் செலுத்தினார். அவை சாதுவாகிப் படுத்தன. 1948இல், ஐந்தாண்டாகக் கொந்தளிப்பில் இருந்த 51 வயதுக்காரருக்குக் கொடுத்தார். சில மாதங்களில் அவர் வீடு திரும்பினார். பிறகு மாத்திரையில் அசட்டையாகி, நிறுத்தியே விட்டார், நோய் திரும்பியது. மீண்டும் மருந்து. 1950இல் அந்த மருந்தே நஞ்சாகி அவர் உயிரைக் கொண்டுபோனது.

விட்டால் நோய், மிஞ்சினால் நஞ்சு. கட்டுக்கடங்காத இருமுனை நோயில் இன்றும் மருத்துவர்களின் திண்டாட்டம் இதுதான்.

ஒரு லிட்டர் ரத்தத்தில் லித்தியம் பொதுவாக 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும், 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பது இதை அளக்கத்தான். சிறுநீரகத்துக்குச் சோடியமும் லித்தியமும் ஏறக்குறைய ஒன்றே. வியர்வையிலோ வயிற்றுப்போக்கிலோ உப்பும் நீரும் குறைந்தால், சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைக்கும், கூடவே லித்தியத்தையும். மூட்டுவலிக்கு வாங்கிப் போடும் ஐபுபுரோஃபனும் அளவை ஏற்றிவிடும்.

மாற்று மருந்துகளிலும் கண்ணிகள் உண்டு. வெறும் மனச்சோர்வு என்று எண்ணி அதற்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்குக் கொந்தளிப்பு கிளம்பும். கார்பமாஸிபைன் சிலரின் தோலையே உரித்துவிடும். அதனால் சிங்கப்பூரில் அதைத் தொடங்குமுன் மரபணுப் பரிசோதனை செய்கிறார்கள்.

லித்தியம் எடுப்பவர் கை வழக்கத்துக்கு மேல் நடுங்கி, நடை தள்ளாடினால் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். நன்றாக இருக்கிறதே என்று தோன்றும் நாளிலும், மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.